ஜுல்ஃபிகர் பாய் குழாய்

பூந்தமல்லி,
4.11.2024

தம்பி நஜீருக்கு ராபியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

ஸலாம் சொல்லாமலே ஆரம்பிக்கலாம் என்றுதான் இருந்தேன். "ஆள் மேல கோபம்னா ஸலாம் இன்னாம்மா பண்ணுச்சு?" என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் கேட்டார். அதனால் சொல்லியாயிற்று. நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பதும் முறை. கேட்டுவிட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று உன் மெத்தைக் கடையில் உட்கார்ந்து சிரிப்பாய். அம்மாவின் நாற்பதாம் நாள் பாத்திஹா அன்று, சோற்றுச் சட்டி அடுப்பில் இருக்கும்போதே நூல் பிடித்து வீட்டை இரண்டாக அளந்தாயே, அன்றைக்குக் குர்ஆன் மேல் கை வைத்தேன், இனி உன்னிடம் வாய் திறந்து ஒரு பேச்சு பேசமாட்டேன் என்று. ஆறு வருஷமாகக் காப்பாற்றி வருகிறேன். பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டால் சத்தியத்தை முறித்துக்கொள்ளலாம் என்று ஹஜ்ரத் வழியும் சொன்னார். பத்துப் பேருக்குச் சோறு போட எனக்கு வக்கில்லாமல் இல்லை. மனசில்லை. ஆனால் எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லையே. வாட்ஸப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருப்பாய். ரிஜிஸ்டர் தபால் என்றால் கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். இரண்டு வாரமாக மழை. வாசலில் நம்மைப் பெற்ற அத்தா வைத்த குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது. முதலில் மண் வாடை. இப்போது வேறு வாடை. உன் பங்கில் நாலு குடித்தனம் வைத்திருக்கிறாய், பதினேழு தலை. அவர்கள் குளித்துக் கொட்டுவதெல்லாம் சுவரோரம் தேங்கி என் பக்கம் ஊறுகிறது. குழாய்க்காக அத்தா தோண்டிப் போட்ட போர் அந்தச் சுவரிலிருந்து பதினைந்து அடிகூட இல்லை என்பது உனக்குத் தெரியும். வாடகை வாங்க மாதா மாதம் கை நீளுகிறது, ஒரு ஆளை அனுப்பி அதைச் சரிசெய்ய நீளவில்லையா?

பதில் போடு. உன் பிள்ளைகளுக்கு என் துஆ. உனக்கு யோசித்துச் சொல்கிறேன்.

ராபியா

---

உக்கடம், கோயம்புத்தூர்,
13.11.2024

மதிப்பிற்குரிய அக்கா ராபியா அவர்களுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

தங்கள் கடிதம் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டேன். நாங்கள் அனைவரும் நலம். தங்கள் உடல்நலத்துக்குத் துஆ செய்கிறோம்.

என் பங்கில் எல்லாம் முறைப்படி கட்டப்பட்டது. சுவரோரம் எதுவும் தேங்கவில்லை, குடியிருப்பவர்களிடம் போனில் விசாரித்துவிட்டேன். என் பக்கம் வந்த பழைய உறைக்கிணற்றையும் கட்டடம் எழுப்பியபோதே தெருவே பார்க்க மண்ணடித்து மூடினேன். அதையும் தோண்டி எடுத்துக் குற்றம் கண்டுபிடிக்க வேண்டாம்.

தங்கள் போர் முப்பது வருஷத்துப் போர். அறுபதடி. அது கெட்டுப்போனதற்கு நான் பொறுப்பில்லை. தண்ணீர் சரியில்லை என்று தாங்களே எழுதிய பிறகு தெருக் குழாயைத் திறந்து வைத்திருப்பது நியாயமா? இப்போது யார் தெருக் குழாயில் குடிக்கிறார்கள்? ஆளுக்கொரு கேன் வாங்கிவிடுகிறார்கள். குழாயை மூடிவிடுங்கள். உடனே மூடுவது நல்லது.

வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

நஜீர்

---

பூந்தமல்லி,
18.11.2024

தம்பி நஜீருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கடிதமே சொல்லிவிட்டது.

அதென்னடா "தாங்கள்", "தங்கள்"? உனக்கு மூக்குச் சளி சிந்திவிட்டவள் நான். இந்த மரியாதையெல்லாம் வக்கீல் நோட்டீஸில் எழுது.

குழாயை மூடவேண்டுமாம். அது ராபியாவின் குழாய் இல்லை, "ஜுல்ஃபிகர் பாய் தண்ணீர்" என்று சிமென்ட்டில் எழுதி வைத்த குழாய். அத்தா மௌத்தாவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஹஜ்ஜுக்குப் போகச் சேர்த்துவைத்ததில் பாதியை எடுத்து அந்தப் போரைப் போட்டார். "நான் போனப்புறமும் எனக்கு வந்துகினே கீற நன்மை இது ஒண்ணுதான் புள்ளே, நிறுத்திடாதே" என்று என்னிடம் சொன்னார், உன்னிடம் சொல்லவில்லை. யார் குடிக்கிறார்கள் என்று கேட்கிறாய். பூ கட்டுகிற பெண்கள், மெட்ரோ தூண் வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள், ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோக்காரர்கள், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள். சங்கிலி போட்ட அந்த எவர்சில்வர் டம்ளர் ஒரு நாளைக்கு எத்தனை வாயைத் தொடுகிறது என்று எண்ணிப் பார்க்க நீ இங்கே இல்லை. ஒவ்வொரு மிடறுக்கும் கபரில் இருக்கிற அத்தாவுக்கு நன்மை போகிறது. அதை மூடச் சொல்ல உனக்கு எப்படிக் கை வந்தது? வீட்டை அளந்தாய், சுவர் வைத்தாய், அத்தாவின் கபரையும் அளக்க வந்துவிட்டாய்.

இன்னொன்று. பாதாளச் சாக்கடை இந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது வீட்டுக்கு வீடு கழிவுநீர் லாரி வந்து குழாய் போட்டு உறிஞ்சிக்கொண்டு போகிறது. என் ஒருத்திக்கே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரவேண்டியிருக்கிறது. உன் பங்கில் பதினேழு பேர். ஆறு வருஷத்தில் உன் வாசலில் அந்த லாரியை ஒரு நாள்கூட நான் பார்க்கவில்லை. உன் குடித்தனக்காரர்கள் என்ன காற்றையா சாப்பிடுகிறார்கள்? பதில் எழுது.

ராபியா

---

கோயம்புத்தூர்,
9.12.2024

அக்கா அவர்களுக்கு ஸலாம்.

கடையில் வேலை அதிகம், அதனால் பதில் தாமதம். இங்கு எல்லோரும் நலம். அங்கு யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தெருவில் யாருக்காவது வயிற்றுப்போக்கு, காய்ச்சல், காமாலை என்று கேள்விப்பட்டீர்களா? தெரியப்படுத்தவும்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தங்கள் வாசல் பக்கம், சுவரைவிட்டுத் தள்ளி, முந்நூறு அடிக்குப் புதிய போர் போட்டுத் தருகிறேன். முழுச் செலவும் என்னுடையது. மோட்டாரும் வாங்கித் தருகிறேன். குழாயை அதில் இணைத்துக்கொள்ளலாம், அத்தா பெயரும் அப்படியே இருக்கும். அதுவரை பழைய போரிலிருந்து ஒரு சொட்டும் யாருக்கும் கொடுக்கவேண்டாம். தாங்களும் குடிக்கவேண்டாம்.

சரி என்று ஒரு வரி எழுதினால் ஆள் அனுப்புகிறேன்.

நஜீர்

---

பூந்தமல்லி,
14.12.2024

நஜீருக்கு, ஸலாம். உடம்பு எப்படி என்று அக்கறையாகக் கேட்டிருந்தாய். கல்லுக் குண்டாட்டம் இருக்கிறேன்.

மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு முந்நூறு அடி போரோடு வருகிறாய். அம்மாவின் மருந்துச் சீட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டவன் நீ. உனக்குத் திடீரென்று கொடை வள்ளல் ஆக ஆசை வந்தால் நான் நம்பவேண்டுமா? இன்றைக்கு என் வாசலில் போர் போடுவாய், நாளைக்கு அந்தப் போர் என் காசு என்று வாசலில் பாதி கேட்பாய். உன் போரும் வேண்டாம், உன் மோட்டாரும் வேண்டாம்.

நான் கேட்டது லாரியைப் பற்றி. நீ எழுதியது என் வயிற்றைப் பற்றி.

தெருவில் யாருக்குக் காமாலை என்று கேட்டாயே, உன் குடித்தனக்காரி வடிவுவின் மகள் நிவேதிதாவுக்குத்தான். "அக்கா, எங்க நிவேதிதாவுக்குக் கண்ணு ரெண்டும் மஞ்சளா கீது, சோத்தப் பாத்தாலே வாந்தி எடுக்குது" என்று வடிவு வந்து அழுதாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன். தேறிவிட்டது. கரையான்சாவடி முனையில் பானிபூரி தின்கிற பெண், காமாலை வராமல் என்ன வரும்? மழையும் நின்றுவிட்டது, தண்ணீரும் தெளிந்துவிட்டது. வாடை இல்லை. அத்தா தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகாது.

என் வீட்டில் எல்லோரும் நலம். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

ராபியா

---

பூந்தமல்லி,
18.1.2025

நஜீருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் என்று எழுத இன்று கை கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

என் போன கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் இல்லை. பதிலைக் கடிதத்தில் போடாமல் ஆள் மூலம் அனுப்பியிருக்கிறாய். பொங்கலுக்கு முந்தின வியாழக்கிழமை காலையில் சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். குழாயில் பிடித்துச் சின்னக் குப்பியில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள். ஒரு பாட்டிலில் நிரப்பி எடுத்துக்கொண்டு, "குடிக்க உகந்ததல்ல" என்று ஒரு தாளை அத்தா பெயர் மேலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பூக்காரப் பெண்கள் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

"யாருப்பா புகார் குடுத்தது?" என்று கேட்டேன். "பேரு போடலம்மா, மொட்டைக் கடுதாசி" என்று காட்டினார்கள். பெயர் எதற்கு? சிலேட்டில் கை பிடித்து எழுதவைத்த எழுத்து எனக்குத் தெரியாதா? பொதுமக்கள் நலன் கருதி எழுதியிருக்கிறாயாம். சொந்த அத்தாவின் பெயர் மேல் தாளை ஒட்டவைத்த நீ பொதுமக்களுக்கு அழுகிறாயா?

தாளைக் கிழித்துப் போட்டேன். டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து மறுபடியும் சங்கிலியில் மாட்டினேன். எல்லோரும் பார்க்க நானே முதல் டம்ளர் பிடித்துக் குடித்தேன். பூக்காரப் பெண்கள் சாயங்காலமே திரும்பி வந்துவிட்டார்கள்.

உன்னால் முடிந்ததைப் பார்த்துக்கொள்.

ராபியா

---

கோயம்புத்தூர்,
27.1.2025

அக்காவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

ஆமாம், நான்தான் எழுதினேன். பெயர் போடாதது தப்புதான். வேறு எப்படி அந்தக் குழாயை நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னால் நீ கேட்கமாட்டாய், அரசாங்கம் சொன்னால் கேட்பாய் என்று நினைத்தேன். நீ தாளைக் கிழித்துவிட்டுக் குடித்தும் காட்டியிருக்கிறாய்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள். கொதிக்கவைத்தாவது குடி. நன்றாகத் தளதளவென்று கொதிக்கவேண்டும், சும்மா சூடு காட்டினால் போதாது. வாடை போய்விட்டது, தெளிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். தெளிந்த தண்ணீரை நம்பாதே. ஏன் என்று கேட்காதே, ஒரு தடவை என் பேச்சைக் கேள்.

"என் வீட்டில் எல்லோரும் நலம்" என்று உன் டிசம்பர் கடிதத்தில் இருந்தது. மச்சான் மௌத்தான பிறகு நீ தனியாகத்தானே இருக்கிறாய்? எல்லோரும் என்றால் யார்?

நஜீர்

---

பூந்தமல்லி,
5.2.2025

நஜீருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கேட்டுவிட்டாய். ஒளிக்கிறதற்கு நான் திருடி இல்லை, சொல்கிறேன். என் மகள் ஃபஸீலா வந்திருக்கிறாள். முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதம் சடங்கு செய்து டிசம்பரில் அழைத்துவந்தேன், இப்போது எட்டு முடியப்போகிறது. மருமகன் ஃபயாஸ் ரியாத்தில் இருக்கிறார், பிரசவத்துக்கு லீவு போட்டிருக்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நாலு வருஷமாகப் பிள்ளை இல்லை என்பதை உன் மனைவி ஆவடியில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியே கேட்கப் பேசினாள். "மரம் நல்லா வளந்துச்சு, காய்க்கத்தான் காணோம்" என்றாள். என் மகள் இலையில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள், ஒரு வாய் சாப்பிடவில்லை. நீ பக்கத்தில் நின்று பாயசம் வாங்கிக்கொண்டிருந்தாய். அந்தக் கண் படக்கூடாது என்றுதான் மறைத்தேன். இனிப் பயமில்லை. இன்னும் ஐந்து வாரத்தில் என் கையில் பேரப்பிள்ளை.

கொதிக்கவைக்கச் சொல்கிறாய். அவளும் வந்த புதிதில் அதைத்தான் சொன்னாள், "ம்மா, சுடவச்சு ஆறவச்சுக் குடும்மா, இல்லாட்டி கேன் போடச் சொல்லு" என்று. அத்தா தண்ணீரைக் குடித்து வளர்ந்த உடம்பு இது, உன்னுடையதும்தான் என்று அதட்டினேன். தினமும் விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு அதே குழாயில் ஒரு சொம்பு பிடித்து, ஓதி ஊதி, வெறும் வயிற்றில் அவளைக் குடிக்கவைக்கிறேன். சுகப் பிரசவத்துக்கு அதுவே போதும்.

நாலைந்து நாளாகக் கொஞ்சம் சோர்வு. சாப்பாடு இறங்கவில்லை, கண்ணும் லேசாக வெளுத்த மஞ்சளாகத் தெரிகிறது. மாசமானவளுக்கு இதெல்லாம் சகஜம். கீழாநெல்லி கொடுக்கிறேன். நீ கவலைப்பட்டு உருகவேண்டாம்.

உன் மனைவியிடம் சொல், மரம் காய்த்துவிட்டது என்று.

ராபியா

---

கோயம்புத்தூர்,
11.2.2025

அக்கா,

ஸலாம். உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. உடனே உனக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் எடுத்தாய், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். ஃபயாஸ் நம்பர் என்னிடம் இல்லை. ஃபஸீலா நம்பரும் இல்லை. வடிவு நம்பர் இருந்தது. அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை, சொல்லாமல் வைத்துவிட்டேன்.

ஃபஸீலாவை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. கீழாநெல்லி வேண்டாம். இங்கே கடைக்கு வரும் டாக்டர் அம்மா ஒருவரிடம் விசாரித்தேன். மாசமாக இருக்கிறவளுக்குத் தண்ணீரால் வரும் காமாலை உயிரைக் கேட்கும் என்றார். முதலில் அவளைக் கூட்டிக்கொண்டு போ, பிறகு மிச்சத்தைப் படி.

கிணற்றை நான் மூடவில்லை.

மேலே நாலு அடிக்கு மண்ணும் சிமென்ட் பலகையும் போட்டேன், தெரு பார்த்தது அதைத்தான். அதற்குக் கீழே கிணறு அப்படியேதான் இருக்கிறது. நாலு குடித்தனத்துக் கக்கூஸ் குழாயும் அதில்தான் போகிறது. தொட்டி கட்ட இடம் விட்டிருந்தால் ஒரு போர்ஷன் குறைந்திருக்கும். கொத்தனார் துலுக்கானம் வேண்டாம் என்றார். ஆழக் கிணறு, எல்லாம் கீழே போய்விடும் என்று நான்தான் செய்யவைத்தேன். கீழே போய்விட்டது. அதனால்தான் அது நிரம்பவில்லை, அதனால்தான் லாரி வரவில்லை. எங்கே போகிறது என்று உன் முதல் கடிதம் வந்தபோது தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கே எழுதியிருக்கவேண்டும். எழுதினால் நீ தெருவைக் கூட்டுவாய், நாலு குடித்தனமும் காலி செய்யும், அத்தாவின் கிணற்றில் மலத்தை விட்டவன் என்று ஜமாத்தில் நிற்கவைப்பார்கள். அதற்குப் பயந்தேன். குழாய் மூடினால் போதும், யாருக்கும் தெரியாமலே சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஃபஸீலா அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. அல்லாஹ் மேல் ஆணை, தெரியாது.

நேரில் வந்து சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கிடைத்ததும் வடிவுவிடம் சொல்லியாவது ஒரு வார்த்தை அனுப்பு.

நஜீர்

---

பூந்தமல்லி,
27.3.2025

நஜீருக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தில் இருந்த ஸலாமுக்குப் பதில் இது. சொல்லாமல் விட்டால் பாவம் என் தலையில் ஏறும். நலம் விசாரிக்கும் முறை ஒன்று உண்டு, அதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

நீ போன் செய்த அன்று அவள் இங்கே உள் அறையில் படுத்திருந்தாள். உன் குரல் கேட்டு மூன்று முறை வைத்தேன். சத்தியத்தைக் காப்பாற்றினேன். மூன்றாவது முறை "அக்கா, வைக்காதே" என்று நீ சொன்னது காதில் விழுந்தது, அப்படியும் வைத்தேன். தினமும் அதை நினைத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் அவள் பேச்சு குழறியது. என்னையே யாரென்று கேட்டாள். ஆட்டோவில் போட்டு நானும் வடிவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பெண் சின்ன வயசு. கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "வீட்ல என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று முதலில் அதைத்தான் கேட்டாள். "எங்க அத்தா தண்ணி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தவள் அப்படியே என்னைப் பார்த்தாள்.

உன் ரிஜிஸ்டர் தபால் பதின்மூன்றாம் தேதி வந்ததாம். கையெழுத்துப் போட்டு வாங்க வீட்டில் ஆளில்லை. தபால்காரர் திரும்பிப் போய், பதினேழாம் தேதி மறுபடியும் கொண்டுவந்தார். பதினைந்தாம் தேதி விடியற்காலை ஃபஸீலா போய்விட்டாள். முந்தின நாளே பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண். ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் மூன்று வாரம் இருந்து வீட்டுக்கு வந்திருக்கிறது. அவள் ஆசைப்பட்டு வைத்திருந்த பெயரையே, மெஹக் என்று, ரியாத்திலிருந்து ஓடிவந்த ஃபயாஸ் காதில் ஓதினார். அவர் என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசினால் தேவலை.

மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டார்கள். பழக்க தோஷத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். வடிவு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க்கா, அந்தத் தண்ணி வேணாங்க்கா" என்றாள். டாக்டர் கேட்ட கேள்வி அவளுக்கும் புரிந்திருந்தது. கடையிலிருந்து பன்னிரண்டு கேன் இறக்கினார்கள். இலந்தை இலையும் கற்பூரமும் போட்டு, ஜுல்ஃபிகர் பாய் பேத்தியைக் கேன் தண்ணீரில் குளிப்பாட்டி அனுப்பினேன்.

உன் கடிதத்தை ஃபயாஸ்தான் உரக்கப் படித்தார். மறுநாள் துலுக்கானத்தைக் கூப்பிட்டு அந்தப் பலகையை உடைக்கச் சொன்னேன். உன் குடித்தனக்காரர்கள் தடுக்கவில்லை. துலுக்கானம் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். "நான் அப்பவே தலையில அடிச்சிகினேம்மா, கெணத்துல வுடாதீங்கன்னு. அண்ணாத்தேதான் கேக்கல. நானும் கூலிய வாங்கிகினு பூட்டேன்" என்று அழுதார். நாலு குடித்தனமும் காலி செய்துவிட்டது. வடிவு பட்டாபிராம் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டாள். குழாயை நானே கழற்றினேன். அத்தா பெயரைச் சுரண்டச் சொன்னார்கள், அதற்கு மட்டும் மனசு வரவில்லை. தெருவில் இன்னும் ஆறு பேர் காமாலையில் விழுந்து எழுந்திருக்கிறார்கள். என் கையால் மொண்டு கொடுத்தது. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

நீ ஜனாஸாவுக்கு வந்ததாகப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் சொன்னார். வடிவு கூப்பிட்டுச் சொன்னாளாம். கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு, மண் தள்ளுவதற்கு முன்னால் போய்விட்டாயாம். வரத் தெரிந்திருக்கிறது உனக்கு. கோயம்புத்தூரிலிருந்து இங்கே ரயிலில் ஏழு எட்டு மணி நேரம். என் கடிதத்தைப் படித்த பத்தாம் தேதி மத்தியானம் ரயில் ஏறியிருந்தால் ராத்திரிக்குள் என் வாசலில் நின்றிருப்பாய். பதினோராம் தேதி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பேன். நீ அன்று ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, மறுநாள் தபாலாபீசுக்குப் போனாய். கிணற்றைக்கூட என்றைக்காவது மன்னிப்பேனோ என்னவோ. அந்த ஒரு நாளை மன்னிக்க எனக்கு வழி தெரியவில்லை.

என்னையும் நான் விடவில்லை. அவள் கொதிக்கவைக்கச் சொன்னாள். நான் ஓதி ஊதிக் கொடுத்தேன்.

நேற்று ஃபஸீலாவின் நாற்பதாம் நாள். நோன்பு மாதம் என்பதால் பாத்திஹாவை நோன்பு திறப்போடு சேர்த்து வைத்தேன். மெட்ரோ தூண் வேலை செய்கிற வடக்கத்திப் பையன்களில் நோன்பு வைத்திருந்தவர்கள் ஐந்து பேர், பள்ளிவாசல் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் ஐந்து பேர். பத்துப் பேரையும் என் கூடத்தில் உட்காரவைத்து, கேன் தண்ணீர் கொடுத்து நோன்பு திறக்கவைத்து, வயிறு நிறையச் சோறு போட்டேன். ஹஜ்ரத் எண்ணிப் பார்த்துவிட்டு, "சத்தியம் கழிஞ்சிடுச்சும்மா" என்றார்.

சமாதானத்துக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதே. நான் கேட்கவேண்டியதெல்லாம் கடிதத்தில் அடங்காது. அதற்கு வாய் வேண்டும்.

இனி எழுதாதே, தபால்காரரிடம் உன் கடிதத்தை வாங்கமாட்டேன். பெருநாள் கழிந்து வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும் வா. குழாய் இருந்த இடத்தில் வந்து நில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் வாசலுக்கு வருவேன். நான் பேசி முடிக்கிறவரை நீ அங்கேயே நிற்கவேண்டும்.

ராபியா